ஆளவந்தாரைக் காணாத மாணவர்: இராமாநுசரின் இளமை வேட்கையும் சுற்றிச் சென்ற வழியும்

ஆய்வுச்சுருக்கம்

இராமாநுசரின் வாழ்க்கையைக் குருபரம்பரை நூல்கள் தெய்வத் திருவுளத்தால் முன்னரே வகுக்கப்பட்ட நிகழ்ச்சிகளின் கோவையாகச் சொல்கின்றன. அந்நிகழ்ச்சிகளை வந்த வரிசையிலேயே பின்தொடர்ந்தால் வேறொரு கதை புலப்படும். வேதாந்தத்தைத் தக்க ஆசிரியரிடம் கற்று, அதற்குத் தாமே பொருள் காண வேண்டும் என்ற இளமை வேட்கை ஒருவருக்கு இருந்தது. அது இருமுறை முறிந்தது. பின்னர்த் தொடர்பற்றவை போலத் தோன்றும் பல பணிகளின் வழியே அவர் அதனிடம் மீண்டு வந்தார். அந்த மீட்சியின் வழியையும் அதற்கு அவரும் அவரைச் சார்ந்தோரும் கொடுத்த விலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இராமாநுசர், ஆளவந்தார், திருப்பெரும்புதூர், குருபரம்பரை, திருவாய்மொழி, ஸ்ரீபாஷ்யம்

முன்னுரை

பூவிருந்தவல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இன்று ஆலைகளின் சாலையாக அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மகிழுந்துகளும் சரக்குந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. மூன்று பணிமுறைகளுக்கும் ஆட்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகளில் கலை, இலக்கியம், அறிவியல் எனப் பல துறைகளில் பட்டம் பெற்று வேறு வேலைக்கு வந்த இளைஞர்களைக் காணலாம். இந்நிலப்பரப்பில்தான், மரபு சொல்லும் கணக்கின்படி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ் வைணவத்தின் ஒரு தலைமுறை தோன்றியது. திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லியைச் சேர்ந்தவர். முதலியாண்டானின் ஊர் அதற்கு அடுத்துள்ள நசரத்பேட்டைப் பகுதி. இராமாநுசர் பிறந்தது திருப்பெரும்புதூர். அவருடைய சிற்றன்னையின் மகன் கோவிந்தர், பின்னாளில் எம்பார் எனப்பட்டவர், மழலைமங்கலத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று மதுரமங்கலம் என வழங்குகிறது. கூரத்தாழ்வானின் கூரம் காஞ்சிக்கு அருகில் உள்ளது. இராமாநுசரின் முதல் ஆசிரியர் யாதவப்பிரகாசர் பாடம் சொன்ன திருப்புட்குழி, காஞ்சியைக் கடந்து அதே சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது. ஒரு நாள் நடையிலோ இரண்டு நாள் நடையிலோ அடங்கிவிடும் இந்தச் சிறு வட்டத்துக்குள்தான் இராமாநுசரின் இளமை முழுவதும் கழிந்தது.

அவர் வாழ்வை அறியத் துணைசெய்வன பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம், வடமொழியிலமைந்த யதிராஜ வைபவம், திவ்யசூரி சரிதம், திருவரங்கக் கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகு, இராமாநுசரைப் பற்றிய திருவரங்கத்தமுதனாரின் 108 பாடல்கள் ஆகியவை. இவை பத்திமை நூல்கள். நிகழ்ச்சிகளின் வரிசையிலும் காரணங்களிலும் தம்முள் மாறுபடுவன. மரபு அவர் காலத்தை 1017 முதல் 1137 வரை என வரையறுக்கிறது. 120 ஆண்டு என்னும் நீட்சியை வரலாற்றறிஞர் சிலர் ஐயுற்றிருக்கின்றனர். கால எல்லை இக்கட்டுரையின் சிக்கல் அன்று. இந்நூல்கள் அனைத்தும் முடிவை அறிந்துகொண்டு தொடக்கத்தைச் சொல்பவை என்பதே இங்குக் கருதத்தக்கது. ஆதலால் இராமாநுசர் வழிதவறி நின்ற காலங்களும் இவற்றில் இறைவன் ஆணையால் நிகழ்ந்த விளையாட்டுகளாகிவிடுகின்றன. அந்தக் காலங்களில் அவருக்கு முடிவு தெரிந்திருக்க வழியில்லை. இக்கட்டுரை அவற்றையே மிகுதியாக நோக்குகிறது.

திருப்புட்குழி

தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி, தாய் காந்திமதி. தாயின் உடன்பிறந்தவரான பெரிய திருமலை நம்பி, ஆளவந்தாரின் மாணவர். குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டவர் அவரே. ஆகவே ஆளவந்தாரின் பெயர் அவ்வீட்டுக்கு அயலானதன்று. ஆயினும் பையனுக்குக் கல்வி வாய்த்தது வேறோர் இடத்தில். பதினாறாம் அகவையில் திருமணம் நிகழ்ந்தது. சிறிது காலத்தில் தந்தை மறைந்தார். குடும்பம் காஞ்சிக்குப் பெயர்ந்தது. இளையாழ்வார் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கற்கச் சேர்ந்தார்.

யாதவப்பிரகாசர் சிறு ஆசிரியர் அல்லர். பிரமத்துக்கும் உலகத்துக்கும் வேற்றுமையும் ஒற்றுமையும் ஒருங்கே உண்டு என்னும் கொள்கையைத் தனித்து நிறுவியவர். மாணவரோடு அவருக்கு நேர்ந்த முரணைக் குருபரம்பரை பாடப்பொருள் பற்றிய முரணாகவே தொடங்குகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களுக்கு உவமையாக வரும் ஒரு சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறினார். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் ஆசிரியர் தொடைமேல் விழுந்தது. கேட்டபோது, கதிரவனால் மலரும் தாமரை என்று அச்சொல்லைப் பிரித்துக் காட்டினார் இளையாழ்வார். தொடர்ந்து வேறு இடங்களிலும் இத்தகைய மாறுபாடுகள் எழுந்தன. ஆசிரியரின் மனம் திரிந்தது. காசிப் பயணம் என்ற பெயரில் மாணவரை அழைத்துச் சென்று வழியில் கொன்றுவிட எண்ணினர் என்றும், உடன் வந்த கோவிந்தர் விந்தியக் காட்டில் எச்சரித்துத் தப்பவைத்தார் என்றும், வேடுவத் தம்பதியர் வழிகாட்ட இளையாழ்வார் காஞ்சிக்கு மீண்டார் என்றும் நூல்கள் சொல்கின்றன.

கொலைத் திட்டத்தின் வரலாற்று மெய்ம்மை எத்தகையதாயினும், திருப்புட்குழிக் கல்வி அத்துடன் முறிந்தது என்பதில் ஐயமில்லை. அது வீணாகிவிட்டதா என்று கேட்டால், பின்னாளில் எழுந்த வேதார்த்த சங்கிரகம் விடை தருகிறது. அந்நூலில் இராமாநுசர் மறுக்கும் முப்பெரும் கொள்கைகளுள் ஒன்று யாதவப்பிரகாசருடையது. எதிர்க்கட்சியை அதன் உள்ளிருந்து அறிந்தவர் ஒருவரின் மறுப்பு அது. பிறிதொரு மாணவர் அந்தக் கொள்கையை ஏட்டில் படித்துத்தான் அறிந்திருக்க முடியும். இவர் அதனைப் பாடமாகக் கேட்டிருந்தார்.

சாலைக்கிணறு

காஞ்சிக்கு மீண்ட இளையாழ்வார் கல்வியைத் தொடரவில்லை. திருக்கச்சி நம்பியின் சொற்படி, சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் கொண்டுவந்து பேரருளாளன் கோயிலில் சேர்க்கும் பணியை மேற்கொண்டார். வேதாந்தத்துக்குப் பொருள் காண விழைந்த இளைஞர் குடம் சுமந்த இக்காலத்தைக் குருபரம்பரை சில வரிகளில் கடந்து செல்கிறது. நிகழ்ச்சி ஏதும் இல்லாத காலம் ஆதலின் அவ்வாறு கடந்திருக்கலாம். ஆயினும் அவர் வாழ்வின் முதல் திருப்பம் இங்கேதான் நேர்ந்தது. திருப்புட்குழியில் அறிவு ஒன்றே அளவுகோல். சாலைக்கிணற்றிலோ அவர் தம் வழிகாட்டியாக ஏற்க விரும்பியவர் அந்தணர் அல்லாதவர்; பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் பணியே அவருக்குரிய தகுதி.

திருக்கச்சி நம்பியைத் தம் ஆசிரியராக்கிக்கொள்ள அவர் விரும்பினார். குல வேற்றுமையைக் காட்டி நம்பி மறுத்தார். அவர் உண்ட மிச்சிலையேனும் பெறலாம் என்று வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார் இளையாழ்வார். அவர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பி வந்து உண்டு சென்றுவிட்டார். மனைவி தஞ்சமாம்பாள் எஞ்சிய உணவைப் பிறருக்குக் கொடுத்து, இடத்தைத் தூய்மை செய்து, நீராடிவிட்டுக் கணவருக்கு மீண்டும் சமைத்தார். குருபரம்பரை இதனைத் தஞ்சமாம்பாளின் முதல் குற்றமாகக் குறிக்கிறது. அக்காலக் குடும்ப ஒழுக்கத்தில் எவரும் செய்திருக்கக் கூடியதையே அவர் செய்தார் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. மாறிக்கொண்டிருந்தவர் கணவர், அந்த மாற்றத்தை மனைவிக்கு எவரும் எடுத்துச் சொன்னதாக நூல்களில் குறிப்பில்லை.

காவிரிக்கரை

இதற்கிடையில் திருவரங்கத்தில் ஆளவந்தார் முதுமையடைந்திருந்தார். நாதமுனிகளின் பெயரரான அவர், பாஞ்சராத்திர ஆகமத்தின் ஏற்புடைமையை நாட்டும் ஆகமப் பிராமாண்யம், கீதையின் பொருளைச் சுருக்கித் தரும் கீதார்த்த சங்கிரகம், மூன்று சித்தி நூல்கள், தோத்திர ரத்தினம் முதலியவற்றை இயற்றியவர். ஆனால் பிரம சூத்திரத்துக்கு முழுமையான உரை அவர் எழுதவில்லை. சங்கரர், பாசுகரர் முதலியோர் உரைகள் நிலவிய சூழலில் இஃது ஒரு பெருங்குறை. ஒருமுறை அவர் காஞ்சிக்கு வந்தபோது யாதவப்பிரகாசரின் மாணவர் கூட்டத்தில் இளையாழ்வாரைத் தொலைவிலிருந்து கண்டார் என்றும், பேசாமல், இவர் தம் நெறிக்கு வரவேண்டும் என வேண்டிக்கொண்டு திரும்பினார் என்றும் மரபு கூறும். ஒரே கோயிலில் இருந்தும் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

இறுதி நெருங்கியபோது ஆளவந்தார் தம் மாணவர் பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். நீர்க்குடத்தோடு வந்துகொண்டிருந்த இளையாழ்வாரின் செவியில் விழும்படி பெரிய நம்பி தோத்திர ரத்தினத்திலிருந்து ஓதினார். இயற்றியவர் யார் என வினவிய இளையாழ்வார் உடனே அவரைக் காணப் புறப்பட்டார். திருவரங்கத்தை அடைந்தபோது காவிரிக்கரையில் ஆளவந்தாரின் திருமேனிதான் இருந்தது. மூன்று விரல்கள் மடங்கியிருந்ததைக் கண்டு, நிறைவேறாத மூன்று எண்ணங்கள் அவருக்கு இருந்தனவோ என்று கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் தாம் முடிப்பதாக இளையாழ்வார் உறுதி கூறக் கூற விரல்கள் நிமிர்ந்தன என்பர். வியாச பராசரர்க்கு நன்றிக்கடன் ஆற்றுதல், நம்மாழ்வாரிடத்து அன்பு வெளிப்படச் செய்தல், பிரம சூத்திரத்துக்கு விசிட்டாத்துவைத நெறியில் உரை காணல் என அம்மூன்றையும் பொதுவாகச் சொல்வர். நூல்களுக்கிடையே சிறு மாறுபாடுகள் உண்டு.

விரல் நிமிர்ந்த அற்புதத்தைவிட அதன்பின் அவர் செய்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரங்கனை வணங்காமலே காஞ்சிக்குத் திரும்பினார். ஆசிரியரோடு தம்மைச் சேரவொட்டாத இறைவன்மேல் அவருக்கு ஊடல் என்று உரைகாரர் நயம்படக் கூறுவர். இழப்பின் சினம் என்று நேராகவே சொல்லலாம். முதல் ஆசிரியர் அவரைப் பகைத்தார். ஆசிரியராக விரும்பியவர் மறுத்தார். கிடைக்க இருந்தவர் ஒரு நாள் இடைவெளியில் மறைந்தார். மீண்டும் அதே சாலைக்கிணறு, அதே குடம். இப்போது அவர் தலைமேல் ஒரு வாக்குறுதியின் சுமையும் ஏறியிருந்தது. அதனை நிறைவேற்றத் தேவையான பாடம் கற்பிக்க ஆசிரியர் இல்லை.

மதுராந்தகம்

பிறகு அவர் திருவரங்கம் நோக்கிச் செல்ல, பெரிய நம்பி காஞ்சியை நோக்கி வர, இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்தனர். ஏரிகாத்த இராமர் கோயிலில் மகிழமரத்தடியில் பெரிய நம்பி அவருக்கு ஐந்து சடங்குகளையும் செய்வித்து வைணவ நெறியில் சேர்த்தார். இருவர் குடும்பமும் காஞ்சியில் ஒரே வீட்டில் தங்கின. பெரிய நம்பி ஆழ்வார்களின் பாசுரங்களைக் கற்பித்தார். இளையாழ்வாரின் தமிழ்க் கல்வி முறையாகத் தொடங்கியது இங்கேதான். அதுவும் நீடிக்கவில்லை. கிணற்றடியில் தஞ்சமாம்பாளுக்கும் பெரிய நம்பியின் மனைவிக்கும் நீர்த்துளி தெறித்தது பற்றி மூண்ட சொற்போரால் பெரிய நம்பி எவரிடமும் சொல்லாமல் திருவரங்கம் திரும்பினார். இராமாநுசர் மனைவியைப் பிறந்தகம் அனுப்பிவிட்டு, காஞ்சிக் கோயிலின் அனந்தசரசுக் கரையில் துறவு பூண்டார். தஞ்சமாம்பாளின் பிற்கால வாழ்வைப் பற்றி நூல்கள் வாய்திறக்கவில்லை. ஒருவர் தம் வேட்கையிடம் மீண்ட கதையில் மற்றொருவர் கதையிலிருந்தே நீங்கிப்போனதை இந்த மௌனம் காட்டுகிறது.

துறவியைத் தேடி முதலில் வந்தோர் முதலியாண்டானும் கூரத்தாழ்வானும். அடுத்து நிகழ்ந்தது வியப்பானது. யாதவப்பிரகாசரே தம் பழைய மாணவரிடம் மாணவரானார். கோவிந்த சீயர் என்னும் பெயர் பெற்றார். துறவியர் ஒழுக்கத்தைத் தொகுத்துரைக்கும் யதிதர்ம சமுச்சயம் என்னும் நூலை எழுதினார். ஆளவந்தாரின் மகன் திருவரங்கப் பெருமாள் அரையர் காஞ்சிக்கு வந்து பேரருளாளன் திருமுன் பாடி, பரிசாக இராமாநுசரைக் கேட்டுப் பெற்றுத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார்.

திறவுகோலும் பாடமும்

திருவரங்கத்தில் அவருக்குக் காத்திருந்தது கோயில் நிருவாகம். பூசை முறை, பணியாளர் பிரிவுகள், களஞ்சியம், மடைப்பள்ளி, விழாக்கள் ஆகியவற்றை அவர் திருத்தி வகுத்ததைக் கோயிலொழுகு விரித்துரைக்கிறது. பழைய உரிமையாளர் எதிர்ப்பும் இருந்தது. கோயிலின் பொறுப்பிலிருந்த பெரிய கோயில் நம்பி, கூரத்தாழ்வானின் முயற்சியால் மனம் மாறித் திறவுகோலை ஒப்படைத்தார் என்றும், அவரே திருவரங்கத்தமுதனார் ஆனார் என்றும் மரபு சொல்லும். உரை எழுத வந்தவர் இங்கே கணக்கும் சாவியும் பார்த்தார். பல நூல்கள் இதனை உடையவர் என்னும் பட்டத்தின் பெருமையாகக் கொண்டாடுகின்றன. உரைப்பணியை நோக்க, இஃது ஒரு நீண்ட தள்ளிவைப்பே.

ஆனால் இத்தள்ளிவைப்புக் காலத்தில் நடந்த மற்றொன்று இக்கட்டுரையின் மையம். ஆளவந்தார் மறைந்துவிட்டார்; அவர் கற்பித்தவை அவருடைய மாணவர்களிடம் சிதறிக் கிடந்தன. இராமாநுசர் அவர்களை ஒவ்வொருவராக நாடினார். பெரிய நம்பியிடம் நெறியில் சேர்ந்தார். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரப் பொருள் பெற்றார். அதனை அவர் எல்லார்க்கும் வெளியிட்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. இங்கு விரிக்க வேண்டுவதில்லை. திருமலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டார். அரையரிடம் அருளிச்செயலும் நெறியின் உட்பொருளும் பெற, ஆறு திங்கள் அவருக்குப் பால் காய்ச்சியும் மஞ்சள் காப்பு அரைத்தும் பணிசெய்தார். தாய்மாமன் பெரிய திருமலை நம்பியிடம் திருப்பதியில் ஓராண்டு இராமாயணம் கேட்டார். ஒருவரிடம் கேட்க முடியாததை ஐவரிடம் கேட்டுத் திரட்டியதாகவே இதனைக் கொள்ள வேண்டும். பிறந்தபோது பெயரிட்ட அம்மானிடமே கடைசிப் பாடம் இருந்தது என்பது வியப்பைத் தருகிறது. திருப்பெரும்புதூரிலிருந்து திருப்பதிக்கு நேராகவே போயிருக்கலாம். அவ்வாறு போயிருந்தால் அவர் எத்தகைய மாணவராக அங்குச் சென்றிருப்பார் என்பது வேறு கேள்வி.

ஐவருள் திருமலையாண்டானிடம் நிகழ்ந்தது தமிழ் உரை வரலாற்றுக்குச் சிறப்பாக உரியது. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரத்துக்கு ஆண்டான் தாம் ஆளவந்தாரிடம் கேட்டபடி பொருள் சொன்னார். அறியாப் பருவத்திலேயே அன்பை ஊட்டிவிட்டு, பின்னர் அதற்கு இடையூறான உடலோடு பிணைத்து வைத்தாயே என ஆழ்வார் வருந்துவதாக அப்பொருள் அமைந்தது. இராமாநுசர் ஏற்கவில்லை. அத்திருவாய்மொழி முழுவதும் பெற்ற பேற்றை எண்ணி மகிழும் போக்குடையது. இடையில் ஒரு பாசுரம் மட்டும் புலம்பலாக இருத்தல் பொருந்தாது என்பது அவர் வாதம். தொடர்களின் கொண்டுகூட்டை மாற்றி, மாயையில் அழுந்தி அறியாமல் கிடந்த காலத்திலேயே எனக்கு அன்பை விளைவித்தாய் என்ற நன்றிப்பாட்டாக அதனை அவர் படித்தார். ஒரு செய்யுளின் பொருளை அதன் முன்பின் பாடல்களின் மெய்ப்பாட்டைக் கொண்டு துணியும் இம்முறை இன்றும் உரையாய்வின் அடிப்படை. திருப்புட்குழியில் ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டிய மாணவரை இங்கே மீண்டும் காண்கிறோம்.

விளைவும் திருப்புட்குழியை நினைவூட்டியது. ஆளவந்தாரிடம் கேளாத புதுப்படைப்பு என்று கூறி ஆண்டான் பாடத்தை நிறுத்தினார். இம்முறை மட்டும் வழி அடையவில்லை. செய்தியறிந்த திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கம் வந்து, இராமாநுசர் கூறிய பொருளையும் ஆளவந்தார் சொல்லத் தாம் கேட்டதுண்டு எனச் சான்று பகர்ந்தார். சாந்தீபனியிடம் கண்ணன் கற்றதைப் போன்றதே இராமாநுசர் ஆண்டானிடம் கற்பது என்றும் எடுத்துரைத்தார். பாடம் தொடர்ந்தது. மீண்டும் மாறுபாடு எழுந்தபோது, கண்ணால் காணாத ஆளவந்தாரின் கருத்தை எவ்வாறு அறிந்தீர் என ஆண்டான் வினவினார். ஆளவந்தாருக்குத் தாம் ஏகலைவன் எனும் கருத்துப்பட இராமாநுசர் மறுமொழி கூறினார்.

இம்மறுமொழி குருபரம்பரையின் கற்பனை என்று ஒதுக்குவார்க்கு இராமாநுசரின் சொந்த எழுத்திலேயே சான்று உண்டு. கீதா பாஷ்யத்தின் தொடக்கச் செய்யுளில், யாமுனரின் திருவடிகளைத் தியானித்ததால் குற்றங்கள் நீங்கித் தாம் ஒரு பொருளாகும் நிலையை எய்தியதாக அவர் வணங்குகிறார். நேரில் பாடம் சொன்ன ஐவர் பெயரும் அங்கு இல்லை. அவ்வுரையும் ஆளவந்தாரின் கீதார்த்த சங்கிரகம் வகுத்த பொருட்பாகுபாட்டையே பின்பற்றிச் செல்கிறது. யக்ஞமூர்த்தி என்னும் அறிஞரோடு பல நாள் நீண்ட வாதத்தில் தோற்கும் நிலை வந்தபோது ஆளவந்தாரின் மறுப்புரைகளே அவருக்குக் கைகொடுத்தன என்ற செய்தியையும் இதனோடு இணைத்துக் காணலாம். அந்த யக்ஞமூர்த்தியே பின்னர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரில் ஞானசாரம், பிரமேயசாரம் என்னும் தமிழ் நூல்களை இயற்றினார்.

உரை

பிரம சூத்திரத்துக்குப் பழைய உரையான போதாயன விருத்தியைக் காண, கூரத்தாழ்வானோடு இராமாநுசர் காசுமீரம் வரை சென்றார் என்பது மரபு. கிடைத்த ஏட்டை அங்கிருந்தோர் வழியிலேயே மறித்துப் பறித்துக்கொண்டனர். இராமாநுசர் கலங்கி நிற்க, இரவுகளில் அதனைப் படித்து நெஞ்சில் நிறுத்தியிருந்த கூரத்தாழ்வான் தேற்றினார். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் போதாயனரின் விரிவான விருத்தியையும் அதனைச் சுருக்கிய முன்னோரையும் குறிப்பிட்டு, அவர்கள் கருத்தின்வழியே சூத்திரச் சொற்களை விளக்கப் போவதாக இராமாநுசரே கூறுகிறார்.

எழுதும் பணியில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இராமாநுசர் சொல்ல, கூரத்தாழ்வான் எழுத வேண்டும். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். உயிரின் இயல்பைச் சொல்லுமிடத்தில் அறியுந்தன்மையை மட்டும் இராமாநுசர் கூற, இறைவனுக்கு உரியதாயிருக்கும் தன்மை விடுபட்டதென ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். இராமாநுசர் வெகுண்டார், சினந்து அகற்றினார் என்றும் சொல்வர். பிறகு தம் கூற்றின் குறையை உணர்ந்து ஆழ்வானை அழைத்துத் திருத்தி எழுதச் செய்தார். முரண்பட்ட மாணவராக இருமுறை நின்றவர் இப்போது ஆசிரியர் இருக்கையில் இருந்தார். மாணவரின் மறுப்பை ஒப்பந்தமாகவே எழுதிக்கொண்ட ஆசிரியராக அவர் ஆனதற்குத் திருப்புட்குழியும் ஆண்டானின் திண்ணையும் காரணமாகலாம் என்பது என் துணிபு.

அவர் கணக்கில் சூத்திரங்கள் 545, அதிகரணங்கள் 156. முதல் சூத்திரம் ஒன்றின் விளக்கத்திலேயே எதிர்க்கட்சியை முழுமையாக எடுத்துரைத்து, முழுமையாக மறுக்கும் பெரும்பகுதி அமைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் மனத்துள் நிகழ்ந்த வாதம் ஏட்டில் இறங்கும் வேகத்தை அங்குக் காணலாம். அவர் இயற்றியனவாகக் கொள்ளப்படும் ஒன்பது நூல்களும் வடமொழியின. தமிழில் அவர் ஒன்றும் எழுதவில்லை. திருவாய்மொழிக்கு உரை எழுதும் பணியைப் பெரிய திருமலை நம்பியின் மகனான திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் அளித்தார். அவ்வாறு எழுந்த ஆறாயிரப்படியே திருவாய்மொழிக்குத் தோன்றிய முதல் உரை. கூரத்தாழ்வானின் மகனுக்குப் பராசரர் எனப் பெயரிட்டார். மடங்கியிருந்த மூன்று விரல்களும் இவ்வாறு கணக்குத் தீர்ந்தன.

மேல்நாடு

சோழ மன்னன் ஒருவனின் நெருக்குதலால் அவர் திருவரங்கம் நீங்கினார். கிருமிகண்ட சோழன் எனப்படும் அம்மன்னன் யாவன் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. இராமாநுசரின் காவியாடையை உடுத்து அவருக்கு மாற்றாக அவைக்குச் சென்ற கூரத்தாழ்வானும், உடன் சென்ற முதியவர் பெரிய நம்பியும் கண்களை இழந்தனர். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார். ஏட்டில் உரையை எழுதிய கண்கள் அவை. தோத்திர ரத்தினத்தைக் காஞ்சித் தெருவில் ஓதிய குரல் அது. செய்தி எட்டியபோது இராமாநுசர் போசள நாட்டில் இருந்தார். தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் பன்னிரண்டு ஆண்டு தங்கியதாக மரபு குறிக்கும். மேல்கோட்டைக் கோயிலை எழுப்பியதும், திருக்குலத்தார் எனப் பெயரிட்டு ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிலில் நுழையும் உரிமை வகுத்ததும் இக்காலத்தன. அதன்பின் திருவரங்கம் மீண்டு எஞ்சிய நாள்களைப் பாடம் சொல்வதில் கழித்தார்.

தானுகந்த திருமேனி

திருப்பெரும்புதூருக்கு அவர் வாழ்வதற்கெனத் திரும்பியதாக எந்நூலும் கூறவில்லை. இறுதிக் காலத்தில் முதலியாண்டானின் மகன் கந்தாடையாண்டான், பிறந்த ஊரில் அவருக்கு ஒரு படிமம் வேண்டும் என இசைவு கேட்டார். சிற்பி செய்து முடித்த படிமத்தை இராமாநுசர் தழுவிக்கொடுத்தார். ஆகவே அது தானுகந்த திருமேனி எனப்படுகிறது. மேல்கோட்டையில் உள்ளது தமருகந்த திருமேனி; திருவரங்கத்தில் உள்ளது தானான திருமேனி. தைப் பூசத்தன்று திருப்பெரும்புதூரில் அப்படிமம் நிறுவப்பட்டபோது திருவரங்கத்தில் இராமாநுசரின் உடல் தளர்ந்தது என்றும், நாளைக் கணக்கிட்டு ஊரில் கண் திறந்துவிட்டார்கள் போலும் என அவர் உணர்ந்துகொண்டார் என்றும் சொல்வர்.

கந்தாடையாண்டான் அந்தத் திருமேனியைக் கொண்டுவந்து நிறுவிய ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஆலைப் பேருந்துகள் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சிறிது தொலைவில் ஊரின் நடுவே உள்ளது. சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய விழா ஆண்டுதோறும் அங்கே நடைபெறுகிறது.